தன் பிள்ளை தானே வளரும்

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று சொன்னவருக்குப் பிள்ளைகள் இருந்திருக்க வாய்ப்பில்லை என்பது என் முடிவு. நான் ஊரான் பிள்ளைகளுக்காகவே சம்பளம் வாங்குகிறவள். வேல்ஸின் தலைநகரான கார்டிஃபில், குழந்தைகள் நலனுக்கான ஒரு தொண்டு நிறுவனத்தில் துண்டறிக்கை எழுதுவது, கூட்டம் நடத்துவது, நிதி திரட்டுவது எல்லாம் என் வேலை. வீட்டில் 12 வயதில் ஒரு மகள், 8 வயதில் ஒரு மகன். இரண்டு பேரும் தானாக வளர்வதாகத் தெரியவில்லை.

பாளையங்கோட்டையிலிருந்து போனில் பேசும்போதெல்லாம் அம்மாவுக்கு ஒரே விசாரம். "அது என்ன வேலைட்டி? டாக்டர் பொண்டாட்டி உண்டியல் குலுக்குதாளாம்னு இங்க சொல்லுதாவ."

"நான் குலுக்கலைம்மா. தெருவில உண்டியல் குலுக்குறதுக்கு இங்க லைசென்ஸ் வாங்கணும். அதுக்கு மனு எழுதுறதுதான் நான்."

"அப்பம் உண்டியல்தான்" என்று அம்மா வழக்கை முடித்துவிட்டாள்.

எங்கள் துறைக்குக் குலதெய்வம் என்று ஒருவர் உண்டென்றால் அது எக்லன்டைன் ஜெப் அம்மையார். முதல் உலகப்போர் ஓய்ந்த பிறகும் முற்றுகை நீடித்ததால் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் குழந்தைகள் பட்டினி கிடந்தார்கள். அதைப் பற்றித் தணிக்கைக்கு அனுப்பாத துண்டறிக்கையை 1919-இல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் விநியோகித்துக் கைதானார். அபராதம் 5 பவுண்டு. எதிர்த்து வாதாடிய அரசு வழக்கறிஞரே அதை எடுத்துக் கொடுத்தார் என்பார்கள். அந்த ஆண்டே 'சேவ் தி சில்ரன்' பிறந்தது. அவர் எழுதிய குழந்தை உரிமைப் பிரகடனத்தை 1924-இல் சர்வதேச சங்கம் ஏற்றுக்கொண்டது. இத்தனை செய்தவருக்குக் கல்யாணமும் இல்லை, குழந்தையும் இல்லை. கொஞ்ச காலம் பள்ளி ஆசிரியையாக இருந்து பார்த்து, ஒத்துவராது என்று விட்டவர். அவரால் எப்படி முடிந்தது என்று யாரும் வியக்க வேண்டாம். அதனால்தான் முடிந்தது. உலகத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரே மூச்சில் உரிமை எழுத வேண்டுமானால், அடுத்த அறையிலிருந்து "அம்மா, இவன் என் சார்ஜரை எடுத்துட்டான்" என்று குரல் வரக் கூடாது.

அந்தப் பிரகடனத்தின் வாரிசுதான் 1989 நவம்பர் 20-ஆம் தேதி ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கை. மொத்தம் 54 பிரிவுகள். சிறுவர்களுக்கே புரியும்படி சுருக்கிய சுவரொட்டி ஒன்று அலுவலகத்தில் மிஞ்சியது. சும்மா கிடக்கிறதே என்று வீட்டில் குளிர்பதனப் பெட்டி மேல் ஒட்டினேன். ஆத்திசூடியில் ககர வருக்கத்தைத் தாண்ட நாங்கள் பட்ட பாடு எங்கள் தெருவுக்கே தெரியும். இதுவோ ஒரே வாரத்தில் தலைகீழ்ப் பாடமாகிவிட்டது.

இரவு உப்புமா வைத்தால் பிரிவு 12: குழந்தையைப் பாதிக்கும் விஷயங்களில் அதன் கருத்தைக் கேட்க வேண்டும். பள்ளிப் பையைத் திறந்து பழைய சாப்பாட்டு டப்பாவைத் தேடினால் பிரிவு 16: அந்தரங்கம். சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குக் கிளப்பினால் பிரிவு 31: ஓய்வும் விளையாட்டும்.

நானும் அதே சுவரொட்டியிலிருந்து எடுத்து எறிந்தேன். "பிரிவு 30. சிறுபான்மைக் குழந்தைகள் தங்கள் மொழியைப் பேசலாம்."

"பேசலாம்னுதான் இருக்கு. அது உரிமைம்மா, ஹோம்வொர்க் இல்ல" என்றாள் மகள்.

"பிரிவு 29. பெற்றோரை மதிக்கணும்."

"அது கல்வியோட நோக்கம். ஸ்கூல்ல போய்க் கேளுங்க."

கடைசி அஸ்திரமாகப் பிரிவு 18-ஐக் கணவர் மேல் விட்டேன். பிள்ளை வளர்ப்பில் தாய் தந்தை இருவருக்கும் பொதுப் பொறுப்பு. அவர் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக்கொண்டு, "இன்னிக்கு நைட் டியூட்டி" என்றார். உடன்படிக்கையில் எத்தனையோ நாடுகள் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. அமலாக்கம்தான் எல்லா இடத்திலும் சிக்கல்.

இந்தச் சூழலில்தான் அம்மா கோடை விடுமுறைக்கு வந்தாள். ஹீத்ரோவில் அழைத்துக்கொண்டு எம்4 நெடுஞ்சாலையில் மேற்கே வரும்போதே ஒரு விஷயத்தை விளக்க வேண்டியிருந்தது. வேல்ஸில் 2022 மார்ச் 21 முதல் குழந்தைகளை எந்த விதத்தில் அடிப்பதும் சட்டவிரோதம். ஊரிலிருந்து வந்து போகிறவர்களுக்கும் இது பொருந்தும். துண்டறிக்கையில் அந்த வரியைத் தடித்த எழுத்தில் போட்டவளே நான்தான். ஆனால் பக்கத்து இங்கிலாந்தில், 'நியாயமான தண்டனைதான் கொடுத்தேன்' என்று பெற்றோர் வாதாட இன்னும் இடமிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது செவர்ன் கழிமுகமும் அதன் மேல் ஒரு பாலமும்.

என் பிள்ளைகள் இதை நுணுக்கமாகப் படித்து வைத்திருக்கிறார்கள். ரெடிங், ஸ்விண்டன், பிரிஸ்டல் வரை பின் இருக்கையில் இரண்டு பேரும் புத்தர் சிலைகள். பாலம் முடிந்து வேல்ஸ் மண்ணில் சக்கரம் பட்டதும் முதல் அலறல். முன்பு இந்தப் பாலத்தில் வேல்ஸுக்குள் நுழைகிறவர்களிடம் மட்டும் சுங்கம் வசூலித்தார்கள். 2018 டிசம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். பெற்றோருக்கு மட்டும் வேறு ரூபத்தில் தொடர்கிறது.

அம்மா திரும்பிப் பார்த்தாள். "அடிச்சா என்ன செய்வாவ?"

"போலீஸ் வரும்மா."

"லேசா ஒரு தட்டு?"

"லேசாவும் கூடாது."

கொஞ்ச தூரம் பேச்சில்லை. பிறகு, "உங்கப்பா உன்மேல ஒரு நாளும் கை வச்சதில்ல. அவருக்கு எந்தக் கவர்மென்ட் சட்டம் போட்டுச்சு?" என்றாள். எங்கள் ஆண்டறிக்கையில் போட வேண்டிய கேள்வி அது. நான் பதில் யோசிப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். "நான் அடிச்சிருக்கேனே, அதுக்கு இப்பம் கேசு போட்டிருவியோ?"

"அது பாளையங்கோட்டை எல்லையில நடந்தது. இங்க எடுக்க மாட்டாங்க."

அம்மா நிம்மதியாக முறுக்கு டப்பாவைத் திறந்தாள்.

கை கட்டப்பட்டாலும் வாய்க்குத் தடை இல்லையே. "முதுகுத் தோலை உரிச்சிருவேன்", "காலை ஒடிச்சுக் கையில குடுத்திருவேன்" என்று வீடு கலகலத்தது. இதையெல்லாம் கேட்டால் எங்கள் பாதுகாப்புப் பயிற்சியாளர் தனியாக ஒரு நாள் வகுப்பு எடுப்பார். மகனுக்கோ ஆச்சியை விட்டு நகர மனமில்லை. "ஆச்சி, தோலை எப்போ உரிப்பீங்க?" என்று தினமும் கேட்பான். "தோசை தின்னுட்டு வா, உரிக்கேன்" என்பாள். அந்த ஒரு மாதம் அவன் தோசையை மிச்சம் வைக்கவில்லை.

ஒரு நாள் பெருமையாகச் சொன்னேன். "அம்மா, வேல்ஸ்ல தொடக்கப் பள்ளிப் பிள்ளைங்க எல்லாருக்கும் மத்தியானச் சாப்பாடு இலவசம். 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சு, ரெண்டு வருஷத்துல எல்லா வகுப்புக்கும் கொண்டுவந்துட்டாங்க. எங்களை மாதிரி அமைப்புகள் எவ்வளவு நாள் கேட்டதுன்னு தெரியுமா?"

அம்மா அரிவாள்மணையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "காமராசர் போட்டது நான் பிள்ளையா இருக்கும்போது. எம்ஜியார் 82-ல பெருசாக்கினாரு. நீ சொல்லுத அதே செப்டம்பர்ல மதுரையில காலைச் சாப்பாடு ஆரம்பிச்சாச்சு. மத்தியானத்துக்கே இப்பம்தான் வந்திருக்கியோ?" அடுத்த நாள் அலுவலகக் கூட்டத்தில் இதை என் கருத்தாகச் சொன்னேன். எல்லோரும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

அம்மா ஊர் திரும்பியதும் வசூல் காலம் தொடங்கியது. வசூலிப்பவள் வீட்டிலேயே வசூல் நடப்பதுதான் இந்த நாட்டின் விசேஷம். நவம்பரில் பிபிசியின் குழந்தைகள் நிதிக்குச் சின்னமான, ஒற்றைக் கண்ணில் கட்டுப்போட்ட பட்ஸி கரடிக்காகப் பிள்ளைகள் பள்ளிக்குப் புள்ளிச் சட்டை போட்டுப் போய் ஒரு பவுண்டு கொடுக்க வேண்டும். டிசம்பரில் கிறிஸ்துமஸ் ஸ்வெட்டர் போட்டு ஒரு பவுண்டு. மார்ச்சில் சிவப்பு மூக்கு மாட்டி இன்னொன்று. நான் பகலெல்லாம் ஊராரிடம் திரட்டுவதை என் பிள்ளைகள் காலை எட்டரைக்குள் என் பர்ஸிலிருந்து போட்டி அமைப்புகளுக்குத் திரட்டிவிடுகிறார்கள். வரி கட்டுகிறவர் ஒரு பவுண்டு கொடுத்து 'கிஃப்ட் எய்ட்' படிவத்தில் கையெழுத்துப் போட்டால் அரசு இன்னும் 25 பென்ஸ் சேர்த்துத் தரும். அந்தப் படிவத்தை நிரப்புவது மட்டும் கணவருக்குப் பிடித்த பிரிவு 18.

எங்கள் அலுவலகப் பலகாரச் சந்தைக்கு அம்மா விட்டுப்போன எள்ளு முறுக்கைக் கொண்டுபோனேன். ஒவ்வாமை தரும் பொருட்கள் என்று இங்கே 14 வகை பட்டியலிட்டிருக்கிறார்கள். எள்ளும் அதில் உண்டு. தட்டின் முன் எச்சரிக்கைச் சீட்டு வைத்தேன். போனில் இதைச் சொன்னபோது அம்மா கோபப்படவில்லை. "வித்துச்சா?" என்று மட்டும் கேட்டாள். முதலில் தீர்ந்தது அதுதான் என்றேன். "அப்பம் சீட்டு வச்சதுதான் ராசி" என்றாள்.

இப்போது மகள் என் வேலையிலும் தலையிட ஆரம்பித்துவிட்டாள். துண்டறிக்கை அச்சுக்குப் போகுமுன் சிறுவர்களிடம் காட்டி அபிப்பிராயம் கேட்பது எங்கள் துறையில் வழக்கம். வெளியே தேடுவானேன் என்று அவளிடம் கொடுத்தேன். சிவப்புப் பேனாவால் பாதியை அடித்துவிட்டு, பக்கத்துக்கு 2 பவுண்டு கேட்டாள்.

"குழந்தைகளை வேலை வாங்குறது தப்பு. பிரிவு 32" என்றேன், இந்த முறை ஜெயித்துவிட்ட நினைப்பில்.

"எல்லா வேலையும் தப்பில்லம்மா. படிப்பைக் கெடுக்கிற, உடம்பைக் கெடுக்கிற வேலைதான் தப்புன்னு போட்டிருக்கு" என்றாள். "சரி பார்க்கறதுக்கு ஒரு பவுண்டுதான். இன்னொண்ணு, இதை முழுசா படிச்சதுக்கு நஷ்ட ஈடு."