ஸ்பீக்கர் எந்தக் கட்சி?

ப்ளூடூத் ஸ்பீக்கர் எப்போதும் கடைசியாகப் பழகியவர் பக்கம். எங்கள் வீட்டு ஸ்பீக்கர் கடைசியாகப் பழகியது என் மச்சினனின் போனோடு. தீபாவளிக்கு வந்தவன் லீவு முடிந்தும் கிளம்பவில்லை. காலையில் நாதஸ்வரம் கேட்கலாமென்று ஸ்பீக்கரை ஆன் செய்தேன். ‘பேர்ட்’ என்றது கணினித் திரை. சத்தம் மட்டும் கணினியிலிருந்தே வந்தது. நான் பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தபோது அறைக்குள் மச்சினனின் போன் அடித்தது. போர்வைக்குள்ளிருந்தே எடுத்து, “சைட்லதான் சார் இருக்கேன்” என்றான்.

“எந்த சைட்ல?” என்று மேனேஜர் கேட்டது ஹாலில் இருந்த ஸ்பீக்கரில். பக்கத்தில் காபி ஆற்றிக்கொண்டிருந்த மாமியார், “அவன் இங்கதான் தூங்கறான் தம்பி” என்றார். ஸ்பீக்கரில் மைக்கும் உண்டு.

மச்சினன் போனில் ஸ்பீக்கரை ‘ஃபர்கெட்’ செய்தால் தீர்ந்தது. அன்றைக்கு அவனிடம் போய்ப் போனைக் கேட்கிற தைரியம் வீட்டில் யாருக்கும் இல்லை.

அதனால் ஹெட்செட்டுக்கு மாறினேன். ஒரே ஹெட்செட் கணினியின் பட்டியலில் இரண்டு பெயரில் நின்றது: ஒன்று ஸ்டீரியோ, மற்றது ஹேண்ட்ஸ்ஃப்ரீ. விஷயமே இங்கேதான் இருக்கிறது. பாட்டுக்கு ஏ2டிபி என்றொரு வழி. அதில் ஒலி நம் காதுக்கு வருமே தவிர, நம் குரல் திரும்பிப் போகாது. மைக் வேண்டுமென்றால் கணினி போன் பேச்சுக்கென்று வகுத்த வேறொரு வழிக்குத் தாவிவிடும். பாட்டு வழியில் பொதுவாக நொடிக்கு 44,100 ஒலி மாதிரிகள். பேச்சு வழியில் பெரும்பாலும் 8,000 அல்லது 16,000. நாதஸ்வரம் பீப்பியாகிவிடும். மீட்டிங் செயலி ஒன்று பின்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு கிடந்தாலே போதும். ஒலி அமைப்பில் ஹெட்செட் மைக்குக்குப் பதிலாகக் கணினியின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள், நாதஸ்வரம் திரும்பிவிடும். கையேட்டில் இதைத் தேடிப் பார்த்தேன். ஹெட்செட்டைத் தண்ணீரில் போடாதே என்று பல மொழிகளில் எழுதியிருந்தார்கள்.

இந்த நேரம் பார்த்துத் தெருவில் குழாய்க்குப் பள்ளம் தோண்டி பிராட்பேண்ட் கேபிளை அறுத்தார்கள். மகளுக்கு ஆன்லைன் டியூஷன். போனின் நெட்டைக் கணினிக்கு வாங்கி, கணினியிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டு அவள் டேப்புக்குக் கொடுத்தேன். போனில் சார்ஜ் மிச்சமாகட்டும் என்று ப்ளூடூத் டெதரிங். அதன் உச்ச வேகம் காகிதத்திலேயே 3 எம்பிபிஎஸ்தான். ஹெட்செட், டெதரிங், ஹாட்ஸ்பாட், ஒயரில்லா மவுஸ் எல்லாம் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில், பௌர்ணமியன்று கிரிவலப் பாதை மாதிரி. ப்ளூடூத் அந்த நெரிசலில் 79 சேனல்களுக்குள் நொடிக்கு 1,600 முறை தாவி இடம் தேடும். மைக்ரோவேவ் அடுப்புக்கும் அதே அலைவரிசைதான். மனைவி சாம்பாரைச் சூடு பண்ண வைத்ததும் நாதஸ்வரம் மூச்சு வாங்கியது. டியூஷன் டீச்சர் வாயைத் திறந்தபடி உறைந்தார். ஹாட்ஸ்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் நெரிசல் குறையும் என்றது கணினி. மாற்றினேன். மகளின் பழைய டேப்புக்கு 5 பிடிபடாது. டீச்சர் அடியோடு காணாமல் போனார்.

வேறு வழியில்லாமல் டிராயரைக் கிளறி ஒரு ஒயரை எடுத்துப் போனையும் கணினியையும் சேர்த்தேன். சார்ஜ் ஏறியது, நெட் வரவில்லை. சில ஒயர்களுக்கு அவ்வளவுதான் படிப்பு. இன்னொன்றைச் செருகினேன், யூஎஸ்பி டெதரிங் உடனே வந்தது, சார்ஜும் ஏறியது. ஹெட்செட் பெட்டிக்கு அடியில் 3.5 மி.மீ. ஒயர் ஒன்று பிரிக்காமல் கிடந்தது. அதையும் மாட்டினேன். ஹாட்ஸ்பாட்டை மறுபடி 2.4-க்கே கொண்டுவந்தேன். சாம்பார் சூடாகும்போதும் நாதஸ்வரம் நிற்கவில்லை, டீச்சரும் நகர்ந்தார்.

ஆகவே, ஆயுதபூஜைக்கு வீட்டை ஒழிக்கும்போது சிக்குப் பிடித்துக் கிடக்கும் ஒயர்களைத் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புது லேப்டாப் வாங்கப் போனால், பக்கவாட்டில் ஹெட்போன் மாட்டும் அந்த வட்ட ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மெல்லிய மாடல்கள் சிலவற்றில் அதை எடுத்தேவிட்டார்கள்.