ஏழாம் நாட்காலை: செட்டிகுளத்துப் பாறணையில் இரண்டாம் அகப்பையின் இடம் – ஓர் அறிமுக ஆய்வு

முன்னாய்வுகள் இல்லை. இருந்தால் வாசித்திருக்க வேண்டும். ஆகவே இல்லை என்று எழுதிவிடுவது துறை மரபு.

ஆய்வுக்களம் வவுனியா மாவட்டத்தின் வெங்கலச்செட்டிகுளம் பிரதேசம். ஆய்வுக்காலம் ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள் பிரதமையில் தொடங்கும் கந்தசஷ்டி. ஆறு நாளும் புராணம் கேட்டு, சூரன் போர் பார்த்து முடித்தவர்கள் ஏழாம் நாட்காலை இலையின் முன் உட்காருகிறார்கள். விரதத்தைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். அந்த இலையைப் பற்றி எவரும் எழுதவில்லை. வயிற்றுக்கு வில்லங்கம் தொடங்குவதோ அங்கேதான்.

ஒரு வரையறை. இவ்வூர் 2009 இல் மெனிக் பாம் முகாம்களில் வேறொரு பசியையும் பார்த்தது. அங்கே வரிசையில் நின்று வாங்கிய சோற்றுக்கு யாரும் பாறணை என்று பெயர் வைக்கவில்லை. அது இவ்வாய்வுக்குள் வராது.

இனி வகைப்பாடு. விரதகாரர் நால்வகைப்படுவர்.

முதலாமவர், மிளகும் தண்ணீரும் மட்டும் கொள்வோர். அரியர். பேசார்.

இரண்டாமவர், மாலையில் கோயிலால் வந்து பாலும் பழமும் உண்போர். பழத்தின் அளவைக் கேட்டபோது ஆய்வாளருக்கு ஒத்துழைப்புக் கிடைக்கவில்லை.

மூன்றாமவர், ஒருநேரச் சோற்றுக்காரர். இவர்களுள் இருபத்தொரு நாள் கேதாரகௌரி பிடித்து, அமாவாசையில் காப்புக் கட்டிய கையோடு சஷ்டியையும் தொடங்கும் பெண்கள் உளர். அவர்களைப் பற்றி எழுத ஆய்வாளருக்குத் தகுதி போதாது.

நான்காமவர் விரிவாக நோக்கத்தக்கவர். இவர் விரதம் பிடிப்பதில்லை. பாறணை மட்டும் பிடிப்பவர். விரதகாரர் இன்னும் தீர்த்தம் வாங்கி முடியாதபோதே பந்தியில் மூலை இடத்தைப் பிடித்திருப்பார். அகத்திக்கீரை வறையின் உப்பைப் பற்றி முதலில் கருத்துச் சொல்பவரும் இவரே. "பசி தாங்கேலாது" என்று ஆறு நாளும் ஒதுங்கியிருந்தவர், ஏழாம் நாள் பசியே இல்லாமல் மூன்று வடை தின்பார் (பெரியம்மா, வாய்மொழி, அடுப்படி, விடியப்புறம்). மூன்றல்ல, ஐந்து என்பது பாடபேதம் (சின்னம்மா, மேற்படி அடுப்படி, வடைச்சட்டிப் பதிப்பு). இரண்டு பாடங்களையும் ஒப்பிட்ட மாமி, தாச்சியில் எஞ்சிய வடைகளை எண்ணி, ஐந்தே மூலபாடம் என நிறுவினார் (கிணற்றடி விளக்கவுரை, இரண்டாம் வாளி, முதல் வாளிக் குறிப்புகள் நனைந்து அழிந்தன). இவ்வகையினர் செட்டிகுளத்துக்கு மட்டும் உரியவர் அல்லர். பல்கலைக்கழக ஆய்வரங்குகளிலும் காணப்படுகின்றனர். அமர்வு நேரமெல்லாம் ஆளைக் காணக்கிடைக்காது. மதியச் சாப்பாட்டு வரிசையில் முதல் தட்டு அவர்களுடையது.

அடுத்து உடலியல். நெடுநாள் வெறும் வயிற்றுக்குத் திடீரென நிறையச் சோறும் சீனியும் போனால் இன்சுலின் சடுதியாக எழும். அது இரத்தத்திலுள்ள பொஸ்பேற்றையும் பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் கலங்களுக்குள் தள்ளும். மிஞ்சிப்போனால் இதயத் துடிப்பே குழம்பும். இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் 2006 இல் வெளியிட்ட வழிகாட்டி, ஐந்து நாளுக்கு மேல் ஒன்றும் உண்ணாத அல்லது மிகக் குறைவாக உண்ட நோயாளிக்கு முதல் இரண்டு நாளும் தேவையின் பாதிக்கு மேல் கொடுக்காதே என்கிறது. சஷ்டி ஆறு நாள். மிளகுக்காரர் இந்த எல்லையைத் தாண்டிவிட்டார். பால்பழக்காரருக்கு அவ்வளவு பயமில்லை. சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுபவர் டொக்டரைக் கேளாமல் தம் பாட்டில் விரதக்கணக்கும் குளிசைக்கணக்கும் போடுவதே பெரிய ஆபத்து.

அமெரிக்காவில் அன்செல் கீஸ் என்பவர் 1944, 1945 இல் 36 இளைஞர்களை மாதக்கணக்கில் அரைப்பட்டினி போட்டு, பிறகு சோறு கொடுத்துப் பார்த்தார். 1950 இல் நூல் வந்தது. இரண்டு தொகுதி, ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கம். பெரியம்மா இதே பொருளில் "முதல்ல கஞ்சியைக் குடி" என்று மூன்று சொல்லில் முடித்துவிட்டார். அவருக்கு இன்னும் கலாநிதிப் பட்டம் கொடுபடவில்லை. இதே பிரதேசத்து முஸ்லிம் கிராமங்களில் பேரீச்சம்பழத்தோடும் கஞ்சியோடும் நோன்பு திறப்பதால் அங்கே ஆய்வாளருக்கு வேலை கிடைக்கவில்லை.

வட்ஸ்அப் அறிஞர் ஒவ்வொரு சஷ்டிக்கும் யொஷினோரி ஓசுமியை இழுத்து வருவர். உபவாசத்துக்கே நோபல் பரிசு கிடைத்துவிட்டதாம். 2016 இல் அவருக்குப் பரிசு கிடைத்தது, கலங்கள் தம் கழிவைத் தாமே தின்னும் முறையை ஈஸ்டில் கண்டறிந்ததற்காக. ஈஸ்ட் நம்மூரில் அப்பமாவைப் புளிக்கவைக்கும். சஷ்டி பிடிப்பதாகத் தகவல் இல்லை.

இனி மையப் பொருள். முதல் அகப்பைச் சோறு விரதகாரர் கேட்பது. அதற்குப் பருப்பும், பூசணிக்காயும், சொதியும் உண்டு. அளவோடு உண்டால் பழுதில்லை. இரண்டாம் அகப்பையை எவரும் கேட்பதில்லை. பரிமாறுபவர் விரதகாரரின் வயிற்றைப் பார்ப்பதில்லை, இலையில் தெரியும் பச்சையைப் பார்க்கிறார். பச்சை தெரிந்தால் அது அவருக்கு வெட்கக்கேடு. மெல்லமாய்ச் சாப்பிட்டால் இலை நிறைந்தே இருக்கும், அகப்பை வராது. இதை எந்த வழிகாட்டியும் சொல்லவில்லை. பாயாசத்துக்கு இம்முறை பலிக்காது. பாயாசம் குவளையில் வரும்.

இக்கோட்பாட்டைக் களத்தில் பரிசோதிக்க ஆய்வாளரே நான்காம் வகையில் சேர்ந்து பந்தியில் அமர்ந்தார். மெல்லமாய் உண்டார். இலை நிறைந்தே இருந்தது.

"ஆறு நாள் வெறும் வயித்தோட கிடந்த பிள்ளை, இதென்ன கொறிக்கிறாய்?" என்றார் பெரியம்மா.

"பெரியம்மா, நான் விரதம் பிடிக்கேல்லையே."

"அப்ப நல்லாச் சாப்பிடலாம்தானே?"

ஆய்வாளர் இலைக்கு மேல் கையை மறித்தார். அகப்பை கையிலேயே கவிழ்ந்தது.