மைக்கு அண்ணாச்சி

ஆராதனை நேரத்தில் பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சண்டே ஸ்கூலிலேயே சொல்லி வளர்த்திருக்கிறார்கள். மைக் ‘கீ...’ என்று அலறினால் மட்டும் அந்தச் சட்டம் செல்லாது. சபையின் முன்னூறு தலையும் ஒரேயடியாகத் திரும்பும். கடைசி பெஞ்சுக்குப் பின்னால், ரெண்டு தூணுக்கு நடுவே, மூக்குநுனிக் கண்ணாடியோடு ஒருவர் மிக்ஸர்மேல் குனிந்திருப்பார். அவர்தான் மைக்கு அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் போதகர் ஐயர் மாற்றலாகிப் போவார், கமிட்டி தேர்தலுக்குத் தேர்தல் மாறும், மணியடிக்கும் கோயில் குட்டியார்கூட மாறுவார். அண்ணாச்சி அதே ஸ்டூலில் இருப்பார்.

“எனக்கும் வயசாவுது. அடுத்த தலைமுறை வரணும்லா” என்று வருஷம் தவறாமல் மே மாதம் அறிவிப்பார். பிளஸ் டூ முடித்துவிட்டுச் சும்மா திரியும் பயல்கள் ஐந்தாறு பேர் மாட்டுவார்கள். ஒரு வருஷம் நானும் மாட்டினேன்.

முதல் மாதம் முழுக்க வயர் சுருட்டல்தான். உள்ளங்கைக்கும் முழங்கைக்குமாகச் சுற்றினேன். “அது துணி காயப்போடுத கொடிக்குல. வயர முறுக்கினா உள்ள நரம்பு அத்துப்போவும்” என்று பிடுங்கிக்கொண்டார். ஒரு வளையம் நேராக, அடுத்த வளையம் உள்பக்கமாகத் திருப்பி, மறுபடி நேராக. அப்படிச் சுருட்டிய வயரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வீசினார். நடுப்பாதை நெடுக ஒரு முடிச்சில்லாமல் விரிந்து பீடத்துப் படியில் போய் விழுந்தது. எங்களில் ரெண்டு பேர் கைதட்டினார்கள். மற்றவர்கள் மறுவாரம் வரவில்லை.

பாடம் நடத்துவதில் மனுஷன் கெட்டிக்காரர், அதை மறுக்க முடியாது. கெய்னுக்கும் ஃபேடருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், “கெய்னுங்கது கிணத்து மோட்டார். ஃபேடர் அடுப்படிக் குழாய். மோட்டார்லயே சகதி ஏறிட்டுன்னா குழாயத் திருகி என்னல புண்ணியம்?” என்பார். மைக் ஏன் அலறுகிறது? ஸ்பீக்கரில் வந்த சத்தம் திரும்ப மைக்குக்குள் போய், பெருகி, மறுபடி ஸ்பீக்கருக்கே வருகிறது. அண்ணாச்சி மொழியில்: “தன் பேச்சத் தானே கேட்டு மெச்சி, அதையே இன்னும் சத்தமாச் சொல்லுத ஆளு நம்ம கமிட்டியில உண்டுலா? அதேதான்.” சனிக்கிழமை சாயங்காலம் காலிக் கோயிலில் சோதித்தபோது கணகணவென்று கேட்ட மைக், ஞாயிறு கூட்டத்தில் மந்தமாவதற்கும் பதில் வைத்திருந்தார். ஆட்களும் உடுப்பும் சத்தத்தை இழுத்துக்கொள்கின்றன. “கலியாணம்னா இன்னும் மோசம். பட்டுச்சேலை பாதிய குடிச்சிரும்.”

பாட்டு வரிகளைத் திரையில் போடும் கணினியும் அவர் பொறுப்புதான். ஒருநாள் பாமாலைக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏதோ திரையில் ஓடியது. “பாமினி இல்லல!” என்று பதறினார். எழுத்துருவின் பெயர் அது என்று தெரியாத ஒரு பயல், “எந்தத் தெரு அண்ணாச்சி? கூட்டிட்டு வாரேன்” என்று சைக்கிள் சாவியை எடுத்தான்.

அவரிடமிருந்த மைக்குகளில் மூத்தது ஒரு ஷூர் எஸ்எம்58. அந்த மாடல் வந்தது 1966-இல். தான் பிறந்ததும் அதே வருஷம் என்பதில் அவருக்கு ஒரு கர்வம். அதை விரலால் தட்டுகிறவர்களையும் ஊதிப் பார்க்கிறவர்களையும் அவர் மன்னித்து நான் பார்த்ததில்லை, பிரசங்கியார் உள்பட. மிக்ஸரில் ‘48 வோல்ட்’ பொத்தான்மேல் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். கொயருக்குத் தொங்கும் கண்டென்சர் மைக்குகளுக்கு அந்த மின்சாரம் வேண்டும்; ஆனால் ஃபேடர் ஏறியிருக்கும்போது அதை அமுக்கினால் கோயிலே ‘டம்’மென்று அதிரும்.

கடைசிப் பாடம் மூன்று வருஷம் தாக்குப்பிடித்தவர்களுக்கு மட்டும். மிக்ஸரின் ஓரத்தில், எதோடும் இணைக்காத ஒரு குமிழ். முன்வரிசைக்காரர் வந்து “காது கிழியுது” என்பார். அவர் போனதும் பின்வரிசைக்காரர் “ஒண்ணுமே கேக்கல” என்பார். அண்ணாச்சி ரெண்டு பேருக்கும் அதே குமிழைப் பயபக்தியோடு திருகி, “இப்ப எப்படி?” என்பார். “இப்பத்தான் சரி.” கமிட்டிக் குமிழ் என்று அதற்குப் பெயர்.

இத்தனையும் கற்றுக்கொடுப்பார், மிக்ஸரை மட்டும் தரமாட்டார். “இன்னைக்கு நீ பாருல” என்று ஸ்டூலை விட்டு எழுந்திருப்பார். முதல் பாட்டின் ரெண்டாம் சரணத்தில் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீளும். மூன்றாம் சரணத்தில் நாம் நின்றுகொண்டிருப்போம், அவர் உட்கார்ந்திருப்பார். எப்படி நடந்தது என்றே தெரியாது. அப்படிப் பயின்றவர்கள் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். நான் ஆறாவது மாதமே கொயருக்கு ஓடிவிட்டேன்.

போன தை மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். அதே கோயில். பொண்ணின் கையைப் பிடித்து முன்னால் கூட்டிப்போக வேண்டியது அப்பா. வேறு வழியில்லை, மிக்ஸரில் ஒரு கல்லூரிப் பையன் உட்கார்ந்தான். அண்ணாச்சி பட்டுவேட்டியில் பீடத்தருகே நின்றார். வாக்குறுதி சொல்லும் நேரம். பொண்ணுக்குச் சன்னக் குரல். முதல் வார்த்தை யாருக்கும் கேட்கவில்லை. கொயர் வரிசையிலிருந்து நான் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கையின் நடுவிரல் வேட்டி மடிப்பின்மேல் மெல்ல, அரை அங்குலம் மேலே ஏறி நின்றது. அதே நேரம் அவள் குரலும் ஏறியது. கடைசி பெஞ்சுவரை கேட்டிருக்கும்.

மைக் ஒருமுறைகூட அலறவில்லை. சபையில் ஒருவரும் திரும்பவில்லை. ஆல்பம் வந்தபோது பார்த்தோம்: மாப்பிள்ளை, பொண்ணு, ஐயர் எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள். அண்ணாச்சி மட்டும் அத்தனை படத்திலும் கழுத்தைத் திருப்பிக் கோயிலின் கடைசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.