துப்பாக்கி விற்பனையில் மணியார்டரின் மாண்பு: ஓர் ஆய்வுரை

ஓஹையோ மாநிலத்தில் ஒருவரிடம் பழைய வின்செஸ்டர் ரைஃபிள் ஒன்று இருக்கிறது. அரிசோனாவில் ஒருவரிடம் 800 டாலர் இருக்கிறது. இணைய ஏலத்தில் இருவருக்கும் விலை படிந்துவிட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை, காணப்போவதும் இல்லை. இந்நிலையில் முதலில் கையை நீட்ட வேண்டியவர் யார்? பணம் முந்தினால் துப்பாக்கி வராமல் போகலாம். துப்பாக்கி முந்தினால் பணம் வராமல் போகலாம். முன்பின் தெரியாதவர்கள் கொடுக்கல் வாங்கல் தொடங்கிய காலத்திலிருந்தே உள்ள சிக்கல்தான். ஆனால் இங்கே இருவரில் ஒருவர் ஏற்கெனவே ஆயுதபாணி, மற்றவர் ஆகப்போகிறவர். ஆகவே விஷயம் ஆய்வுக்குரிய தகுதியைப் பெறுகிறது.

தருக்க நூலார் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று ஒரு வரிசை வகுத்திருக்கிறார்கள். அவ்வழியே மேற்கோளை முதலில் நிறுத்துவோம்: அரசாங்கம் என்றாலே முகம் சுளிக்கும் அமெரிக்கத் துப்பாக்கிப் பிரியர், காசென்று வந்துவிட்டால் நம்புவது அரசாங்கத் தபால் துறை அச்சடித்த ஒரு துண்டுக் காகிதத்தைத்தான். மணியார்டர் என்பது அதன் திருப்பெயர்.

நம்மூர் வாசகர் உடனே காக்கிச் சட்டை, சைக்கிள், திண்ணையில் எண்ணிக் கொடுக்கப்படும் நோட்டுகள் என்று கற்பனையை ஓடவிடலாகாது. அமெரிக்க மணியார்டர், காசோலைக்குப் பங்காளி முறை. வாங்குபவர் தபால் ஆபீசுக்குப் போய் ரொக்கமோ டெபிட் கார்டோ கொடுத்து (கிரெடிட் கார்டு செல்லாது), சில டாலர் கட்டணமும் கட்டி அதைப் பெறுகிறார். விற்பவர் பெயரை எழுதி, உறையிலிட்டு, தாமே அஞ்சலில் சேர்க்கிறார். பணம் முன்கூட்டியே கட்டப்பட்டுவிட்டதால் கணக்கில் இருப்பு இல்லையென்று திரும்பி வராது. காலாவதியும் கிடையாது. ஒன்றின் உச்சவரம்பு 1,000 டாலர்.

இனி எல்லை வகுத்தல். 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உரிமம் இல்லாத ஒருவர் வேறு மாநிலத்தவருக்குத் துப்பாக்கியை நேரடியாக விற்று அனுப்ப முடியாது. வாங்குபவரின் ஊரில் உரிமம் பெற்ற வியாபாரி ஒருவருக்கு அனுப்ப வேண்டும். வாங்குபவர் அங்கே போய் 4473 எண்ணுள்ள படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனையில் தேறி, வியாபாரிக்கும் ஒரு சிறு தொகை அழுதுவிட்டு எடுத்துவர வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் நடக்கும் தனியார் விற்பனைக்கும் கலிஃபோர்னியா, கொலராடோ, நியூயார்க் போன்ற மாநிலங்கள் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. வேறு பல மாநிலங்கள் ஆக்கவில்லை. ஆக, துப்பாக்கி போக வேண்டிய பாதையைச் சட்டம் கோடு போட்டுக் காட்டிவிட்டது. பணம் போகும் பாதையை அவரவர் சாமர்த்தியத்துக்கு விட்டுவிட்டது. இவ்வாய்வு குடியேறியிருப்பது அந்தப் புறம்போக்கில்தான்.

பிறர் மதம் மறுத்தல்

முதலில் பேபால் மதம். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் சில உதிரிபாகங்களுக்கும் தங்கள் வழியாகப் பணம் செலுத்தக் கூடாது என்பது அந்நிறுவனத்தின் விதி. வென்மோவும் அதே வீட்டுப் பிள்ளை. இணையச் சந்தைகளும் அவ்வழியே: ஈபே 1999-இலேயே துப்பாக்கி விற்பனைக்குக் கதவடைத்தது. ஃபேஸ்புக் தனியார் விற்பனையை 2016-இல் தடுத்தது. இருந்தும் பேபாலில் ‘பிறந்தநாள் பரிசு’, ‘கூடாரச் சாமான்’ என்று குறிப்பெழுதி ஏய்க்கப் பார்ப்பவர்கள் உண்டு. அகப்பட்டால் கணக்கு முடங்கும். அகப்படாவிட்டால் இன்னும் மோசம். நண்பர்கள், குடும்பத்தார் என்ற வகையில் அனுப்பிய பணத்துக்கு வாங்குவோர் பாதுகாப்பு கிடையாது. முகம் தெரியாதவரைக் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டதற்கு அந்தத் தண்டனை தகும் என்க.

அடுத்தது ஸெல். பெரிய வங்கிகள் கூடி நடத்துவது. நிமிடங்களில் பணத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். தெரிந்தவருக்கும் நம்பிக்கையானவருக்கும் மட்டுமே அனுப்புங்கள் என்று அவர்களே எச்சரிக்கிறார்கள். நாமாக அனுப்பிய பணத்தைத் திரும்பப் பிடிப்பது குதிரைக்கொம்பு. சந்தை விலையில் பாதிக்கு விளம்பரம் செய்துவிட்டு, ‘ஸெல் மட்டும்’ என்று அடம்பிடிக்கும் விற்பனையாளரிடம் துப்பாக்கி இல்லை என்பது துறைபோகிய அறிஞர்களின் ஒருமித்த முடிபு.

மூன்றாவது, வங்கியே கையெழுத்திட்டுத் தரும் கேஷியர் காசோலை. இதன்மேல் மக்கள் வைத்திருக்கும் பக்தி ஆய்வாளரைக் கண்கலங்க வைப்பது. 1987-இல் வந்த ஒரு சட்டத்தின்படி, இவ்வகைக் காசோலையைப் போட்டால் பொதுவாக அடுத்த வேலைநாளே வங்கி பணத்தைக் கணக்கில் காட்ட வேண்டும். காட்டுவது வேறு, வருவது வேறு. போலி என்று தெரிய வாரங்கள்கூட ஆகலாம். தெரிந்ததும் வங்கி, போட்டவர் கணக்கிலிருந்தே தொகையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். இந்த இடைவெளியில் ஒரு தொழிலே தழைத்திருக்கிறது. 800 டாலர் துப்பாக்கிக்கு 2,300 டாலருக்குக் காசோலை வரும். கூடவே பணிவான ஒரு கடிதம்: தவறுதலாகக் கூடிவிட்டது, பாதகமில்லை, மீதியை என் லாரிக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். மீதி போய்ச் சேர்ந்த சில நாளில் காசோலை உயிர்விடும். துப்பாக்கி மட்டும் பத்திரமாக வீட்டிலேயே இருக்கும். அதைத் திருட வந்தவர்கள் இல்லை அவர்கள்.

சொந்தக் காசோலையை ஏற்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஏல அறிவிப்பின் அடியில் ஒரு வரி நிற்கும்: மணியார்டர் வந்தால் உடனே அனுப்பப்படும், காசோலை என்றால் 10 நாள் காத்திருக்க வேண்டும். ஏன் ஒன்பதில்லை, ஏன் பதினொன்றில்லை? கைவிரல் பத்து என்பதே காரணம் என்பது இவ்வாய்வாளர் துணிபு. மறுப்பவர் வேறு காரணம் காட்டுக.

கிரெடிட் கார்டைப் பேசாமல் விட்டுவிடலாம். அதைத் தேய்க்கும் கருவி கடைக்காரரிடம்தான் இருக்கும், தனியாரிடம் இராது. ஆயினும் 5723-இன் சரித்திரத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஒவ்வொரு வகைக் கடைக்கும் கார்டு உலகில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. துப்பாக்கிக் கடைகள் வெகுகாலம் பந்து, மட்டை விற்கும் விளையாட்டுச் சாமான் கடைகளோடும் பிற கடைகளோடும் சேர்ந்து கிடந்தன. 2022 செப்டம்பரில் ஐஎஸ்ஓ என்னும் உலகத் தர நிர்ணய அமைப்பு அவற்றுக்கென்று 5723 என்ற தனி எண்ணை ஒப்புக்கொண்டது. வெடித்தது சண்டை. 2023 மார்ச்சில் விசாவும் மாஸ்டர்கார்டும் அதை நடைமுறைக்குக் கொண்டுவருவதை நிறுத்திவைத்தன. கலிஃபோர்னியா அந்த எண்ணைப் பயன்படுத்தியே தீர வேண்டும் என்று சட்டம் செய்தது. ஃபுளோரிடா அதைப் பயன்படுத்தினால் அபராதம் என்று சட்டம் செய்தது. நான்கு இலக்கங்களுக்காக இரு சட்டசபைகள் இவ்வளவு வியர்த்திருப்பதைப் பார்க்கும்போது, 10 நாள் காத்திருப்புக்கு இன்னும் யாரும் சட்டம் செய்யாதது வியப்பே.

மணியார்டர் புராணம்

எஞ்சியது மணியார்டர். அதன் பிறப்பே போரில். உள்நாட்டுப் போரின்போது, 1864 நவம்பர் 1-ஆம் தேதி, அமெரிக்கத் தபால் துறை அதைத் தொடங்கியது. களத்தில் இருந்த வீரர்கள் வீட்டுக்குப் பணம் அனுப்ப உறைக்குள் நோட்டை வைத்தார்கள். வழியில் நோட்டு காணாமல் போனது. அதற்குக் கண்ட மருந்து இது. துப்பாக்கி ஏந்தியவர்களுக்காகவே பிறந்த ஒரு காகிதம், பின்னாளில் துப்பாக்கி விற்பவர்களிடம் போய்ச் சேர்ந்ததை விதி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

தபால் துறைக்கோ இந்த வியாபாரத்தில் என்றைக்கும் இரண்டு மனம். கைத்துப்பாக்கியைத் தபாலில் அனுப்பக் கூடாது என்று 1927-இல் சட்டம் வந்தது. ரைஃபிளுக்கு அந்தத் தடை இல்லை. ஆக, கைத்துப்பாக்கிக்கான பணத்தைத் தபால் சுமக்கும், கைத்துப்பாக்கியைச் சுமக்காது. இந்த நுணுக்கத்தை ஆவணங்களோடு விளக்கும் எடுத்துக்காட்டு ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதைச் சிரித்துக்கொண்டே சொல்ல இயலாது.

1963 மார்ச் 12-ஆம் தேதி டாலஸ் நகரத் தபால் ஆபீசில் ஒருவர் 21 டாலர் 45 சென்ட்டுக்கு மணியார்டர் எடுத்தார். 19.95 ரைஃபிளுக்கு, 1.50 அனுப்பும் செலவுக்கு. ‘அமெரிக்கன் ரைஃபிள்மேன்’ பத்திரிகையில் வந்த விளம்பரக் கூப்பனை நிரப்பி, ஏ. ஹிடெல் என்ற பெயரில், சிகாகோவின் கிளைன்ஸ் விளையாட்டுச் சாமான் கடைக்கு அனுப்பினார். ரைஃபிள் அவருடைய அஞ்சல் பெட்டி எண்ணுக்கு வந்து சேர்ந்தது. அதே ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸ் கடை ஒன்றிலிருந்து அவர் வரவழைத்த ரிவால்வருக்கு வேறு முறை: 10 டாலர் ரொக்க முன்பணம், மீதி பொருள் வந்ததும் எக்ஸ்பிரஸ் பார்சல் கம்பெனியிடம். அது தபாலில் வர முடியாதல்லவா. வாங்கியவர் லீ ஹார்வி ஆஸ்வால்ட். நவம்பர் 22-இல் அந்த ரைஃபிளால் அதிபர் கென்னடி கொல்லப்பட்டார். மறுநாளே சிகாகோ கடையின் மைக்ரோஃபிலிமில் கூப்பன் அகப்பட்டது. வர்ஜீனியாவில் அரசு ஆவணக் கிடங்கில் அந்த மணியார்டரும் அகப்பட்டது. எண் 2,202,130,462. கையெழுத்து அவருடையதே என்று நிபுணர்கள் சொன்னார்கள். மணியார்டரின் பின்பக்கத்தில் போதிய வங்கி முத்திரைகள் இல்லையே என்று சதிக்கோட்பாட்டாளர்கள் வாதாடிவருகிறார்கள். ஒரு துண்டுக் காகிதத்தின் முதுகைப் பற்றி அவர்கள் எழுதித் தள்ளியிருப்பதைக் காண, இவ்வுரையின் நீளம் குறித்து எனக்கிருந்த கூச்சம் தெளிந்தது.

தபால்வழித் துப்பாக்கி விற்பனையைக் கட்டுப்படுத்த செனட்டர் தாமஸ் டாட் கொண்டுவந்த மசோதா அந்தக் கொலைக்கு முன்பே, 1963 ஆகஸ்டிலேயே இருந்தது. மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்ட பிறகு, 1968 அக்டோபரில்தான் அந்தக் கட்டுப்பாடு சட்டமாகிக் கையொப்பம் பெற்றது. கூப்பன் நிரப்பிக் காசு கட்டினால் துப்பாக்கி வீட்டு வாசலுக்கு வரும் காலம் அத்துடன் முடிந்தது. காசு கட்டிய முறை மட்டும் சட்டத்துக்குத் தப்பிப் பிழைத்துக்கொண்டது.

இங்கேதான் மேற்கோளுக்கு வலுச் சேர்க்கும் ஏது கிடைக்கிறது. துப்பாக்கி வைத்திருப்பவர் பட்டியலை மத்திய அரசு தொகுத்து வைக்கக் கூடாது என்று துப்பாக்கிப் பிரியர்கள் 1986-இல் சட்டம் செய்ய வைத்தார்கள். பட்டியல் என்ற பேச்சை எடுத்தாலே பதறுவார்கள். ஆனால் வரிசை எண், தேதி, தொகை அச்சிட்ட மணியார்டரை வாங்கி, தம் பெயரையும் முகவரியையும் தம் கையாலேயே எழுதி, அதே அரசின் தபால் பெட்டியில் போடுவார்கள். ஒரே நாளில் 3,000 டாலருக்கோ அதற்கு மேலோ எடுத்தால் அடையாள அட்டை காட்டித் தனிப் படிவமும் நிரப்ப வேண்டும். நிரப்புவார்கள். முரண்பாடு என்று நகைக்க வேண்டாம். அரசின்மேல் இருப்பது கொள்கையளவிலான ஐயம். அரிசோனாக்காரர் மேல் இருப்பது 800 டாலர் அளவிலான ஐயம். இரண்டில் பின்னது பெரிது.

‘மணியார்டரில் ஏமாற்றினால் தபால் ஆய்வாளர்கள் வருவார்கள்’ என்பது இத்துறையில் வழங்கும் நாட்டார் நம்பிக்கை. தபால் ஆய்வாளர்களும் இடுப்பில் துப்பாக்கி செருகியவர்கள் என்பதால் தொழில்முறை மரியாதை கலந்த நம்பிக்கை அது. சட்ட நோக்கில் இதில் ஒரு திருத்தம் தேவை. 1872-இலிருந்து இருந்துவரும் அஞ்சல் மோசடிச் சட்டத்துக்கு மணியார்டர்தான் வேண்டும் என்பதில்லை. ஏமாற்றும் நோக்கில் ஒரு கடித உறை தபாலில் போனாலே போதும்.

அஃதேல், போலி மணியார்டர் உண்டே எனின், உண்டு. ஆகவே பரிசோதனை முறை வருமாறு. காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தால் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் நீர்க்குறியாக மீண்டும் மீண்டும் தோன்ற வேண்டும். நெடுக ஓடும் இழையில் தபால் துறையின் எழுத்துகள் தெரிய வேண்டும். தொகை இரண்டு இடங்களில் அச்சாகியிருக்கும். அதைச் சுற்றி நிறம் மங்கியிருந்தால் யாரோ சுரண்டியிருக்கிறார்கள். தொகை 1,000-ஐத் தாண்டியிருந்தால் வெளிச்சமே தேவையில்லை. இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் தீராதவர், துப்பாக்கியை அனுப்புமுன் தபால் ஆபீசிலேயே கொடுத்துக் காசாக்கிக்கொள்ளலாம்.

ஃபிராங்க்ளின் 1775-இல் அந்நாட்டின் முதல் தபால் துறைத் தலைவரானவர். அவர் அங்கே தோன்றுவது முறைதான். ஒரே மாநிலத்தவர்கள் உள்ளூர்த் துப்பாக்கிக் கடையிலோ, காவல் நிலைய வாசலிலோ சந்தித்து, ரொக்கம் எண்ணி, விற்பனைச் சீட்டில் இருவரும் கையெழுத்திட்டுப் பிரிவதும் உண்டு. அப்போதும் 100 டாலர் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார்கள். அங்கேயும் அவரேதான். 2013-க்குப் பிந்தைய நோட்டென்றால் கூடவே நீலப் பட்டை ஒன்று. ஆட்டினால் அதற்குள் மணிகள் அசையும்.

ஆய்வில் இன்னும் தீராத கூறு ஒன்றுண்டு. மணியார்டரின் முகப்பில், எதற்காக இந்தப் பணம் என்று எழுத ஒரு கோடு விட்டிருக்கிறார்கள். துப்பாக்கி என்று எழுதுவதா, மாதிரியின் பெயரை எழுதுவதா, வெறுமனே விடுவதா என்று வாங்குபவர்கள் நெடுநேரம் யோசிக்கிறார்கள். விற்பவருக்கு இந்தத் தத்துவ விசாரம் எதுவும் இல்லை. ஒரே வாரத்தில் அவருக்கு நாலைந்து உறைகள் வருகின்றன. எது எந்தத் துப்பாக்கிக்கு என்று தெரிய வேண்டும். ஏல எண்ணை எழுதுங்கள், ஏல எண்ணை மட்டும் எழுதுங்கள் என்று அறிவிப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார். அப்படியும் கோட்டின் மேல் ‘நன்றி’ என்று எழுதி அனுப்புகிறார்கள்.