சொல்லும் சுமையும்: குர்லா டெர்மினஸ் சாமான்களை முன்வைத்து ஓர் ஆய்வு

கோடை விடுமுறை விட்டதும் மும்பையின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர்த் தமிழர்களில் பலர் ஊருக்கு வண்டியேறும் இடம் லோக்மான்ய திலக் டெர்மினஸ். பலகையில் எந்தப் பெயர் இருந்தாலும் அது குர்லா டெர்மினஸ்தான். அங்கிருந்து தினமும் கோயம்புத்தூர் போகும் வண்டிக்குக் கொங்கு நாட்டில் ‘குர்லா எக்ஸ்பிரஸ்’ என்றே பெயர். அந்தப் பிளாட்பாரத்தை ஒரு சுற்றுப் பார்த்தாலே ஆய்வுக்குரிய புதிர் கண்ணில் படும். நான்கு பெரியவர்கள் ஆளுக்கொரு தோள்பையோடு நிற்பார்கள். பக்கத்திலேயே ஒற்றைக் கைக்குழந்தை. அதைச் சுற்றி ஒரு டிராலி, இரண்டு மூட்டை, கூடை, வாளி, வாளிக்குள் இன்னொரு பை. நல்ல வளர்ச்சியுள்ள குழந்தை 1 வயதில் 9 கிலோவை ஒட்டி இருக்கும், 5 வயதில் 18 கிலோவைத் தொடும் என்கிறது மருத்துவம். ஆக, குழந்தையின் எடை இரட்டிக்கிற அதே காலத்தில் அதற்காகத் தூக்கும் சாமான் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. உடம்பு பெருக்க மூட்டை சிறுக்கிறது. இது எதனால்?

இதில் ரயில்வேக்கு ஒரு கொள்கை உண்டு, அது தவறு. ஸ்லீப்பர் வகுப்பில் ஆளுக்கு 40 கிலோ இலவசமாகக் கொண்டுபோகலாம். 5 முதல் 12 வயதுக்குள் இருப்பவர்களுக்கு அதில் பாதி. 5 வயதுக்குக் கீழே டிக்கெட்டே வேண்டாம். டிக்கெட் இல்லாதவருக்குச் சாமான் உரிமையும் இல்லை. அதாவது, ஆள் வளர வளரச் சாமானும் வளரும் என்பது ரயில்வேயின் அனுமானம். உண்மையில் அந்தப் பெட்டியிலேயே அதிகம் சுமக்க வைப்பவர் பயணிகள் பட்டியலில் பெயர்கூட இல்லாத அந்த ஒருவர்தான். சரி, வயதை வைத்தே கணக்கைத் தலைகீழாக்கிவிடலாமா என்றால், அதுவும் நிற்காது. ஒரே வயதுள்ள இரண்டு குழந்தைகளில் ஒன்றுக்கு ஒரு பை போதும், இன்னொன்றுக்கு மூன்று வேண்டும். இக்கட்டுரையின் துணிபு இது: ஒரு குழந்தைக்காகக் கட்டப்படும் சாமானின் எடை, அந்தக் குழந்தை உருப்படியாகப் பயன்படுத்தும் சொற்களின் எண்ணிக்கைக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும்.

பையைத் திறந்தாலே சான்று கிடைக்கும். மேலே டயப்பர் கட்டு, அதற்கடியில் ரப்பர் ஷீட், மாற்று ஜட்டி ஒரு டஜன். பக்க அறையில் கிரைப் வாட்டர். வில்லியம் உட்வர்ட் 1851இல் இங்கிலாந்தில் கண்டுபிடித்த அந்தத் தண்ணீரை இன்றும் வீட்டுக்கு வீடு நம்புகிறோம். அதை ஒட்டி ஒரு பிளாஸ்க். திரவமாக்கிய வாயுக்களின் குளிர் போகாமல் இருக்க 1892இல் ஜேம்ஸ் டேவர் செய்த குடுவையின் வாரிசு அது. இப்போது சத்துமாவுக் கஞ்சிக்கு வெந்நீர் காக்கிறது. இவை ஒவ்வொன்றும், குழந்தை கேட்கத் தெரியாத ஒரு கேள்விக்கு முன்கூட்டியே எழுதி வைத்த விடை. அழுகை ஒன்றுதான், காரணம் நான்காக இருக்கலாம் என்பதால் நான்கு விடையையும் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. ‘ஒண்ணுக்கு’ என்ற சொல்லை நேரத்தோடு சொல்லப் பழகிய அன்றே டயப்பரும் ரப்பர் ஷீட்டும் பாதி ஜட்டியும் பையை விட்டு இறங்கிவிடுகின்றன. ‘வயித்த வலிக்குது’ வந்தால் கிரைப் வாட்டர் போயிற்று. தூளிச் சேலை மட்டும் விதிவிலக்குப்போலத் தெரியும். நைந்து மெத்தென்றான பழைய நூல் சேலையின் ஒரு முனையை இந்தப் பக்கத்து மேல்பெர்த் சங்கிலியிலும், மறு முனையை எதிர்ப்பக்கத்துச் சங்கிலியிலும் இறுக்கிக் கட்டி, ஒரு தடவை கையால் தொங்கிப் பார்த்துவிட்டுக் குழந்தையைப் போடுவார்கள். மற்ற வேலையை வண்டியே பார்த்துக்கொள்ளும். நன்றாகப் பேசும் மூன்று வயதுப் பிள்ளைக்கும் இந்தச் சேலை பையில் இருக்கிறதே என்று கேட்கலாம். ‘எனக்குத் தூக்கம் வருது’ என்று தானாக ஒப்புக்கொண்ட பிள்ளை உலகில் இல்லை. அந்தச் சொல் வராததால் சேலையும் இறங்குவதில்லை. விதி மீறப்படவில்லை, உறுதிப்படுகிறது.

சாமானைத் தீர்மானிப்பது வண்டி வாகனமே என்போர் ஒரு சாரார். சயானுக்குத் தெற்கே ரிக்‌ஷாவுக்கு அனுமதி கிடையாது; ஆகவே மாட்டுங்காக்காரர் டாக்ஸியில் வருகிறார், செம்பூர்க்காரர் ரிக்‌ஷாவில் வருகிறார். டாக்ஸி டிக்கியைச் சிஎன்ஜி சிலிண்டர் அடைத்துக்கொள்வதால் சாமான் கூரைக் கேரியரில் பெரிய பெட்டியாக ஏறும். ரிக்‌ஷாவிலோ காலடி, மடி, முதுகுப்புறச் சந்து என்று சிறு சிறு பைகளாகப் பிரியும். இதனால் மாறுவது உருப்படிகளின் எண்ணிக்கைதான், மொத்த எடை அல்ல. இதற்குமேல் அந்த வாதத்துக்கு மரியாதை தேவையில்லை.

இரண்டு வயதை வைத்து எழுப்பப்படும் மறுப்புதான் கனமானது. அந்த வயதில் குழந்தைக்குச் சொற்கள் பெருகுகின்றன, சாமானும் பெருகுகிறது. விதி அங்கே உடைகிறதே என்கிறார்கள். துணிபில் ‘உருப்படியாக’ என்ற சொல்லை வைத்தது இதற்காகத்தான். இரண்டு வயதுக்காரரின் அகராதியில் முதலிடம் ‘வேண்டாம்’ என்பதற்கு. பசிக்கும்போதும் வேண்டாம், பசிக்காதபோதும் வேண்டாம். கேட்பவருக்கு அதனால் ஒரு சேதியும் கிடைப்பதில்லை. அடுத்தது ‘அது’. பெரும்பாலும் எதிர் சீட்டுக் குழந்தையின் கையில் இருப்பதே அந்த அது. ஒன்றை வேண்டாம் என்றால் காட்ட இன்னொன்று, அதையும் தள்ளினால் மூன்றாவது என்று பொம்மையும் பிஸ்கட்டும் அடுக்கியாக வேண்டும். பொருளற்ற சொல் சுமையைக் குறைக்காது, கூட்டும்.

வழியில் எல்லாம் கிடைக்குமே, எதற்கு இவ்வளவு மூட்டை என்று குழந்தை இல்லாதவர்கள் கேட்பார்கள். பேன்ட்ரிக்காரர் மணிக்கொரு தரம் வருகிறார். நிலையங்களில் குழந்தைகளுக்குப் பாலும் வெந்நீரும் கிடைக்க 2016இல் ‘ஜனனி சேவா’ என்ற திட்டமே அறிவிக்கப்பட்டது. ஆனால் சோலாப்பூரில் பால் கிடைக்கிறது என்பதற்காகக் குழந்தைக்குச் சோலாப்பூரில் பசிப்பதில்லை. அதைத் தாண்டி வண்டி நிற்காத பொட்டலில்தான் பசிக்கும். வேறு தம்ளரில் கொடுத்தால் குடிக்கவும் செய்யாது. ‘அந்தக் காலத்தில் ஐந்து பிள்ளைகளோடு ஒரு டிரங்குப் பெட்டியில் போய் வந்தோம்’ என்னும் பாட்டிமாரின் மறுப்பு இதைவிடக் கூர்மையானது. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஹோல்டாலையும் தண்ணீர்க் கூஜாவையும் கணக்கில் விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் அங்கே ஆறு வயது அக்கா ஒருத்தி இருந்தாள். கடைக்குட்டியின் அழுகையைக் கேட்டதும் ‘பாப்பாவுக்குக் காது வலிக்குதாம்’ என்று சொல்லிவிடுவாள். சொல் அக்காவிடமிருந்து வந்தது, சுமை குறைந்தது. இன்று ஒற்றைப் பிள்ளை. மொழிபெயர்ப்பாளர் இல்லாத குறையைப் பை ஈடுகட்டுகிறது.

திரும்பி வரும்போது குழந்தை ஊரில் நிறையப் பேசக் கற்றிருந்தும் சாமான் ஏன் இரட்டிக்கிறது என்ற கேள்வி இந்த ஆய்வுக்குப் புறம்பானது. நல்லெண்ணெய் டின், வடகம், புளி, பலாப்பழம் எல்லாம் ‘பேத்திக்கு’ என்ற பெயரில் ஏறினாலும் அவை பாட்டி கணக்கு. பேத்திக்கு இன்னும் பல்லெல்லாம் முளைத்து முடியவில்லை.

துணிபு ஏற்கத்தக்கது எனில் ரயில்வே தன் சாமான் அட்டவணையைத் திருப்பிப் போட வேண்டும்: சொல்லற்ற குழந்தைக்கு 40 கிலோ, பேச்சு வரவரக் குறைத்துக்கொள்ளலாம். நடைமுறைச் சிக்கல்கள் இல்லாமலில்லை. குர்லாக் குழந்தை வீட்டில் ‘தண்ணி’, சால் குடியிருப்பின் முற்றத்தில் ‘பானி’ என்கிறது. அது ஒரு சொல்லா, இரண்டா? டிக்கெட் பரிசோதகரான டிடிஇ எந்த மொழியில் சோதிப்பார்? அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. 5 வயது முடிந்த பிள்ளைக்கு ‘டிடிஇ மாமா கேட்டா நாலுன்னு சொல்லு’ என்று வண்டி புறப்படும் முன்பே பாடம் நடத்தும் பெற்றோர் இப்போதே இருக்கிறார்கள். பிள்ளை கேட்காமலே ‘எனக்கு அஞ்சு, அம்மா நாலு சொல்லச் சொன்னாங்க’ என்று முழுவதையும் ஒப்பித்துவிடுகிறது. புதிய அட்டவணை வந்தால் அதே பிள்ளையை வாயே திறக்காமல் இருக்கப் பழக்க வேண்டிவரும். ஒன்றரை நாள் பயணத்தில், ஜன்னலோர சீட்டில்.