கிரேக்கப் போர்க்கதையின் கறார் வாசகர்

பழங்காலப் போர்க்கதை படிக்கும் கறார் வாசகர் பிரிட்டனில் பரவலாகக் காணப்படும் ரகம். நடுவயது, பெரும்பாலும் ஆண். வாளைத் தொட்டதில்லை, வாள் பிடிப்பது பற்றி அபிப்பிராயம் ஏராளம். வட அயர்லாந்து எழுத்தாளர் பால் கியர்னி 2008-இல் வெளியிட்ட 'தி டென் தவுசண்ட்' நாவலைக் கையில் கொடுத்தால் இவரை முழு வீச்சில் பார்க்கலாம்.

நாவலின் மூலக்கதை உண்மையில் நடந்தது. கி.மு. 401-இல் பாரசீக இளவரசர் சைரஸ், அண்ணனின் அரியணைக்கு ஆசைப்பட்டு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கிரேக்கக் கூலிவீரர்களைத் திரட்டினார். பாபிலோனுக்கு அருகே குனாக்சாவில் போர். கிரேக்கர்கள் தங்கள் பக்கத்தில் ஜெயித்தார்கள். சம்பளம் தர வேண்டியவர் செத்துப்போனார். பேச்சுவார்த்தைக்கு என்று போன தளபதிகளும் பிடிபட்டார்கள். மிச்சப் படை அர்மீனியப் பனியைத் தாண்டிக் கருங்கடலை அடைந்ததை, கூடவே நடந்த செனபோன் 'அனபாசிஸ்' என்ற நூலாக எழுதினார். கியர்னி இதை வேற்றுலகுக்குக் கொண்டுபோய், பாரசீகரை மனிதரல்லாத இனங்களாக்கி, கூலிவீரரில் சிலருக்கு மாயக் கருங்கவசமும் மாட்டிவிட்டார்.

கதை செனபோனை விட்டு விலகுகிறது என்பது கறார் வாசகரின் முதல் குறை. செனபோனை அப்படியே பின்தொடர்வதால் யார் சாவார் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது என்பது இரண்டாவது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார். கிரேக்கம் தெரியாது, ரெக்ஸ் வார்னரின் 1949 மொழிபெயர்ப்புதான் வேதம். அர்மீனிய நிலவறை வீடுகளில் சிப்பாய்கள் பார்லி மதுவை நாணல்குழலால் உறிஞ்சியதையும், இன்றைய டிராப்சோன் அருகே தேன் சாப்பிட்டுப் பித்தேறி விழுந்ததையும் சொல்லி முடிக்காமல் விடமாட்டார். வாசகர் வட்டத்தில் கியர்னியைப் பற்றிப் பேச வந்தவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

பேச்சில் கேடயம் வந்துவிட்டால் கூட்டம் அவர் கையில். கிரேக்கப் போர் அணியில் பின்வரிசைக்காரர் முன்வரிசைக்காரரின் முதுகில் கேடயத்தை வைத்து நிஜமாகவே தள்ளினாரா என்று அறிஞர்கள் பல பத்தாண்டுகளாகச் சண்டை போடுகிறார்கள். கறார் வாசகரோ வட்டத்தின் தேநீர்த் தட்டை எடுத்து, பக்கத்தில் இருப்பவரின் முதுகில் வைத்து அழுத்தி, வழக்கை முடித்துவிடுவார். அசல் கேடயம் ஏறக்குறைய 90 செ.மீ. அகலம், 7 கிலோ எடை என்ற தகவல் தட்டோடு சேர்ந்து வரும்.

மாயாஜாலம் தேடி வந்த வாசகருக்குச் சேறும் பசியும் நடையும்தான் கிடைக்கின்றன, அவர் ஏமாந்துபோகிறார். கறார் வாசகருக்கோ நாவலின் சிறப்பே அந்தச் சேறுதான். பெண் பாத்திரங்கள் குறைவு, இருப்பவர்களும் படாதபாடு படுகிறார்கள் என்று யாராவது சொன்னால், "வரலாறு அப்படித்தான்" என்பார். மனிதரல்லாதார் உலவும் உலகுக்கு அது எந்த வரலாறு என்று கேட்பதற்குள் கேடயத்துக்குத் திரும்பியிருப்பார்.

இத்தனை குறை சொல்லி, நாவல் தேறாது என்று தீர்ப்பளித்த இவர்தான், 2010-இல் அடுத்த பாகமான 'கார்வஸ்' வந்தபோது முன்பணம் கட்டி வாங்கினார். அதன் இளம் வெற்றிவீரனிடம் அலெக்சாண்டரின் சாயல் உண்டு. ஆகவே மாசிடோனிய ஈட்டியின் நீளம் பற்றிய தகராறு தனியாகத் தொடங்கியது. 2012-இல் 'கிங்ஸ் ஆஃப் மார்னிங்'குடன் வரிசை முடிந்தது. நான்காம் பாகம் ஏன் வரவில்லை என்பது இப்போதைய குறை.