அருமையான கருத்து, தோழி!

எங்கள் கல்லூரியில் இன்டர்னல் மார்க் வேண்டுமானால் வாயைத் திறந்தாக வேண்டும். பத்து நிமிட செமினார், பத்து ஸ்லைடு, முடிவில் வகுப்பிலிருந்து ஒரு கேள்வி. போதாததற்கு கூகுள் கிளாஸ்ரூமில் விவாதம்: சொந்தக் கருத்து ஒன்று, அடுத்தவர் கருத்துக்குப் பதில் இரண்டு. எல்லாவற்றுக்கும் மார்க் உண்டு. காதுகொடுத்துக் கேட்பதற்கு மட்டும் கிடையாது.

பிள்ளைகள் விவரமானவர்கள். கேள்வியை முந்தின நாளே பாகூர் பஸ்ஸில் பேசி முடித்துவிடுவார்கள். "நீ என்னைக் கேளு, நான் உன்னைக் கேக்கறேன்." ஒருநாள் செமினார் வரிசை மாறிப்போனது. சோழர் நாணயம் பற்றிப் பேசியவளிடம் டூப்ளேயைப் பற்றிக் கேட்டான் ஒருவன். "நல்ல கேள்வி" என்று சொல்லிவிட்டு, மனப்பாடம் செய்திருந்த நாணயப் பதிலையே ஒப்பித்தாள். அவனும் திருப்தியாக உட்கார்ந்தான்.

குழு செமினார் என்றால் வில்லியனூர்த் தேர்தான். வடத்தில் கை வைத்தவர் பெயரெல்லாம் முதல் ஸ்லைடில் இருக்கும். இழுத்தது யார் என்பது திருக்காமீசுவரருக்கே வெளிச்சம்.

ஆன்லைன் விவாதம் கெடு முடியும் நள்ளிரவை ஒட்டித்தான் களைகட்டும். "அருமையான கருத்து, தோழி" என்பான் ஒருவன். "வழிமொழிகிறேன்" என்பான் அடுத்தவன். தோழி அவசரத்தில் ஏற்றியிருந்ததோ தன் பஸ் பாஸ் போட்டோ.

சென்ற பருவத்தில் ஒரு மாணவி பாகூர்ச் செப்பேட்டை எடுத்துக்கொண்டாள். 9ஆம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், இதே பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்குச் செட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்று மூன்று ஊர்களைக் கொடையாக விட்ட ஏடு அது. ஊர்ப் பெயர்களை அவள் வாசித்ததும், கடைசி பெஞ்சிலிருந்து பஸ்ஸில் பேசிவைக்காத ஒரு குரல்: "ஏய், இதுல எங்க குருவிநத்தம் வருதா?"

அவ்வளவுதான். சேலியமேடு எழுந்தது, கரையாம்புத்தூர் மறித்தது. "ஊரையே குடுத்துட்டா அங்க பயிர் வெச்சவன் கதி?" என்றாள் ஒருத்தி. "வாத்தியாருக்குச் சம்பளம் நெல்லா, காசா?" என்றான் இன்னொருவன். அதில் எனக்கும் அக்கறை இருந்ததால் குறுக்கிடவில்லை. மணி அடித்தும் யாரும் அசையவில்லை.

அன்றிரவு மார்க் போட உட்கார்ந்தேன். செமினார் பத்து நிமிடத்தைத் தாண்டியதால் விதிப்படி கழிவு. கேள்வி ஒன்றுதான் கணக்கு, மற்றவை செல்லாது. கிளாஸ்ரூமில் அதைப்பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை, ஆகவே விவாதத்துக்குச் சுழியம். கல்விக்கென்று மூன்று ஊரை எழுதிவைத்த மண்ணில், மூன்று மார்க் போட எனக்கு ஒரு கட்டம் கிடைக்கவில்லை.